இடது பின்சக்கரம்

பிடின்னார். பிடிச்சுட்டேன். மூணு தரம் அமுக்கச் சொல்லி நாலாவதுல அழுத்திப் பிடின்னார், காரோட பிரேக் பெடல் கெட்டியா நின்னுது, அப்புறம் பின்சக்கரத்துக்கிட்ட உக்காந்திருக்கிற எங்க வீட்டுக்காரர், பிரேக் குழாயில இருந்து காத்தை வெளியே விடற நிப்பிளைத் திறந்ததும் என் பாதத்தோடயே மெல்ல இறங்கித் தரையில் போய் நின்னுக்கிச்சு. நின்னதும் நிப்பிளை மூடிட்டு விடும்பார். அதான் முறை, முப்பது வருஷமா அதான் முறை, அமுக்கு, பிடி, விடு, இந்த மூணு வார்த்தைதான். இன்னைக்கு விடுன்னு சொல்லலை. நிப்பிள் திறந்திருக்கும்போது நான் காலை எடுத்தா பிரேக் குழாய்க்குள்ள காத்து ஏறிக்கும், காலையில ஏழு மணியில இருந்து அவர் செஞ்ச அத்தனையும் வீண். அதனால எடுக்கலை. ஏனுங்கன்னு ஒரு குரல் கொடுத்தா போதும், ஆச்சுங்களான்னு கேட்டா போதும், ஆனா கேட்டா மறந்துட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சு போயிடும், அந்த முகம் ஒரு மாதிரி ஆகும், அதை என்னால பார்க்க முடியாது. போன வாரம் பார்த்தேன். பாத்ரூம் வாசல்ல துண்டோட நின்னுக்கிட்டு, குளிச்சாச்சா இனிமேத்தான் குளிக்கோணுமான்னு தெரியாம, முதுகு ஈரமா இருக்கான்னு தன் கையாலயே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டார். நான் அடுப்படியில இருந்து பார்த்ததை அவர் பார்க்கலை. சத்தம் போடாம உள்ளே நகர்ந்துட்டேன், அடுப்புல ஒண்ணும் இல்லை, சும்மா ஒரு கரண்டியை எடுத்து வாணலியில கிண்டிக்கிட்டு நின்னேன்.

கால் மரத்துக்கிட்டு வருது. வலது முட்டி எப்பவோ தேய்ஞ்சு போனது, எலும்பு டாக்டர் மாடிப்படி ஏறாதீங்கம்மான்னார், பிரேக் பெடலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காராதீங்கன்னு சொல்லலை, இப்படி ஒரு குடும்பம் இருக்கும்னு அந்த மனுசனுக்கு எங்கே தோணியிருக்கப் போகுது. நானும் லேசுப்பட்டவ இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ட்ரங்க் போர்டுல உக்காந்து லைன்ல இருங்க லைன்ல இருங்கன்னு கோயமுத்தூரையே காக்க வெச்சவ நான், இன்னைக்கு என் முறை, இருக்கட்டும். முதமுதல்ல இவருக்குப் பெடல் அமுக்கினப்போ எங்க பொண்ணு பிருந்தா வயித்துல ஆறு மாசம். அது வேற வண்டி, இதுக்கும் முந்தினது. ஸ்டியரிங் வயித்துல முட்டுது, இவர் பின்னாடி இருந்து பிடி பிடிங்கறார், உள்ளே இருந்தவ ஒரு உதை விட்டா பாருங்க, நான் சிரிச்சுக்கிட்டே காலை எடுத்துட்டேன். எந்திரிச்சு வந்தார். திட்டுவார்னு நினைச்சேன், கல்யாணமாகி ரெண்டு வருஷம், அதுவரைக்கும் திட்டினதில்லை, இன்னைக்குத்தான் ஆரம்பம்னு நினைச்சேன். பழந்துணியில கையைத் துடைச்சுக்கிட்டு பரவால்ல, மறுக்கா பண்ணிக்கலாம்னார். மத்தியானம் வரைக்கும் பண்ணினோம். எல்லாம் முடிஞ்சு சாப்பிட உக்காந்தப்போ, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, நான் விடுன்னு சொல்ற வரைக்கும் இடியே விழுந்தாலும் விடாத அம்மிணின்னார். அன்னையில இருந்து விட்டதில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிருக்கு, குக்கர் ஒம்பது விசில் அடிச்சிருக்கு, ஆபீஸ் ஜீப் வாசல்ல வந்து நின்னு ஹாரன் அடிச்சிருக்கு, விட்டதில்லை. கட்டின நாள்ல இருந்து நான் எதிர்த்துப் பேசினது எத்தனையோ, எங்க மாமியார்கிட்டக் கேட்டிருந்தா ஒரு பட்டியலே கொடுத்திருப்பாங்க, ஆனா இந்த ஒரு பேச்சை மட்டும் தட்டினதில்லை.

இடது பக்கக் கண்ணாடியில அவர் தோளும் பாதி முதுகும் தெரியுது. மணைக்கட்டையில உக்காந்திருக்கார். பனியன் முதுகுல வேர்த்து ஒட்டியிருக்கு. அசையலை. என்ன யோசிச்சுக்கிட்டு இருக்கார், கையில ஸ்பேனர் இருக்கா கீழே வெச்சுட்டாரா, எதுக்கு இங்கே உக்காந்திருக்கோம்னு யோசிக்கிறாரா. மயக்கமா இருக்குமோ. மயக்கமா இருந்தா சாய்ஞ்சிருப்பாரே. சாயலை, தலை நிமிர்ந்துதான் இருக்கு. போன வருஷம் ஆவணியில ஒரு கல்யாணத்துக்குப் பல்லடம் ரோட்டுல போயிட்டிருந்தோம், அப்ப இவர்தான் ஓட்டுவார். வண்டி லொடக் லொடக்னுது. ஓரமா நிறுத்திட்டு இறங்கினார், நானும் இறங்கினேன், பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. முன் சக்கரத்துல நாலு நட்டும் விரல்ல சுத்தற அளவுக்கு லூசு. முந்தின நாள் சக்கரத்தைக் கழட்டி மாட்டினவர் இவர்தான், விரல்ல திருகி வெச்சுட்டு முறுக்க மறந்திருக்கார். அந்த நட்டை விரல்ல பிடிச்சுச் சுத்தினார், சுத்திக்கிட்டே இருந்தார். பம்ப் கம்பெனி டூல் ரூம்ல முப்பத்தாறு வருஷம் இருந்தவர், தலைமுடி கனத்துல பாதி தப்பினாலும் திருப்பி அனுப்பிச்சவர். என்னை நிமிர்ந்து பார்த்து, நானான்னு கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். இல்லீங்க, ரோட்டுல குழி அதிகம், அதுல லூசாயிருக்கும்னேன். அவர் நம்பலை. எனக்கு வாய்ல வந்த முதல் பொய் அது. அப்புறம் பொய் சொல்றது பழகிப் போச்சு.

மறதிக்குக் காட்டின டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னார். வட்டத்தை அப்படியே காம்பஸ் வெச்ச மாதிரி போட்டார், ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் இம்மி பிசகலை, முள்ளு மட்டும் போடலை. முள்ளு எங்கே நாச்சிமுத்துன்னு டாக்டர் கேட்டதுக்கு, உள்ளே மெஷின் வேணும்ங்க டாக்டர், சும்மா வெளியில முள்ளு வெச்சா ஓடாதுங்கன்னார். டாக்டர் சிரிச்சுட்டார், நானும் சிரிச்சேன், அவரும் சிரிச்சார். அப்புறம் மாத்திரை வாங்கறேன்னு சொல்லிட்டுப் போய் ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே நின்னு அழுதேன். அழுதா ஆச்சா, மாத்திரையை வாங்க மறந்து வெறுங்கையோட வந்தேன், யாருக்கு வியாதின்னே தெரியலை போங்க. இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. மறுபேச்சில்லாம சாவியை என் கையில கொடுத்துட்டார். பிருந்தா பெங்களூர்ல இருந்து தினம் ஒரு போன், வண்டியை வித்துரும்மா, டூல்ஸ் பெட்டியை மேல பரண்ல போடும்மா, அப்பா பிரேக்கைக் கழட்டி வெச்சார்னா உன் உயிருக்கு யார் பொறுப்புங்கறா. அவ சொல்றதுல தப்பில்லை. ஆனா டாக்டர் வேற சொன்னார், தெரிஞ்ச வேலையைச் செய்ய விடுங்க, கை மறக்கறது கடைசியிலதான்னார். அந்தக் கடைசி எப்போன்னு கேக்க எனக்குத் தைரியம் வரலை. அந்தப் பெட்டியைப் பரண்ல போட்டா இவர் என்ன பண்ணுவார், டிவி முன்னாடி உக்காந்து யார் யாரோ சண்டை போடறதைப் பார்த்துக்கிட்டு இருப்பாரா. அதுக்கு அந்தப் பிரேக்கே என்னைக் கொல்லட்டும்னு ஒரு நாள் பிருந்தாகிட்டச் சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது, புள்ளை அழுதுருச்சு.

அதுக்கப்புறம்தான் ரபீக்கைப் பிடிச்சேன். ரெண்டு தெரு தள்ளி ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கான், மரியாதை தெரிஞ்ச பையன், பையன்னா நாப்பது வயசு. விசயத்தைச் சொன்னேன், எப்ப வரட்டும்மான்னான். ஞாயித்துக்கிழமை இவர் என்ன வேலை செஞ்சாலும் திங்கக்கிழமை பத்து மணிக்கு மருதாசலம் அண்ணன் வந்து இவரை லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போவார், கூட வேலை பார்த்தவர், அவருக்கும் தெரியும். தெரு முனை திரும்பினாங்களான்னு பார்த்துட்டு நான் ரபீக்குக்கு போன் பண்ணுவேன். அவன் வந்து இவர் செஞ்ச எல்லாத்தையும் பிரிச்சு மறுக்கா மாட்டுவான். ஜாக்கி எந்தப் பக்கம் பார்த்து வெச்சிருந்ததோ அந்தப் பக்கம் பார்த்து வைக்கோணும், பழந்துணி மடிச்சிருந்தா மடிக்கோணும், கசக்கிப் போட்டிருந்தா கசக்கிப் போடோணும். பாதி நாள் ஒரு தப்பும் இருக்காது, அம்மா நாச்சிமுத்து சார் வேலையில நான் கை வைக்கறதே பாவம்மாம்பான். மீதி நாள் ஒண்ணும் சொல்ல மாட்டான், பேசாம முறுக்கிட்டுப் போயிருவான், நானும் கேக்க மாட்டேன். சாயங்காலம் இவரைப் பக்கத்துல உக்கார வெச்சு ஒரு ரவுண்டு ஓட்டுவேன், பிரேக் எப்படி அம்மிணி பிடிக்குதும்பார், அருமையா பிடிக்குதுங்க, கடைக்காரன் செஞ்சா இப்படி வருமாம்பேன். கூடப் படுத்து எந்திரிக்கிற மனுசனைத் திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை ஏமாத்தறேன். கள்ளத்தனம் பண்றவளுக்குக் கூட இத்தனை ஏற்பாடு இருக்காது. கண்டுபிடிச்சுட்டார்னா, அதுதான் எனக்கு இருக்கிற ஒரே பயம், பிரேக் போயிருமோங்கிற பயம் கூட இதுக்கு அப்புறம்தான். தன் கையை யாரும் நம்பறதில்லைன்னு இவருக்குத் தெரிய வேண்டாம். மத்ததெல்லாம் போகட்டும், என் பேர் கூட ஒரு நாள் போகட்டும், அந்த ஒண்ணு மட்டும் தெரிய வேண்டாம்.

இத்தனைக்கும் இந்த பேரிங்கைக் கண்டுபிடிச்சதே இவர்தான். ஒரு வாரமா வண்டி நாப்பதைத் தாண்டினா ஊம்னு ஒரு சத்தம். ரபீக் டயர் சத்தம்மான்னான். இவர் பக்கத்து சீட்ல கண்ணை மூடிக்கிட்டு வந்தவர், இடது பின்னாடி பேரிங் போயிருச்சு அம்மிணி, வலது பக்கம் வளையும்போது சத்தம் ஏறுது பார்னார். கழட்டினா அதேதான், பேரிங் உள்ளே குண்டெல்லாம் சொரசொரன்னு ஆயிருக்கு, கூடவே பிரேக் சிலிண்டர் கசிஞ்சு ஷூவெல்லாம் நனைஞ்சு கிடக்கு. எனக்குப் பெருமை தாங்கலை. பொண்ணோட போன் நம்பர் தெரியாது, பேரிங் நம்பரை மனசுல இருந்து எடுத்துத் துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தார், கடைக்காரன் ஒரு கேள்வி கேக்காம எடுத்துக் கொடுத்தான். காலையில நான் வெங்காயம் உரிக்கற சாக்குல வாசல்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். பழைய பேரிங்கைத் தட்டி எடுத்தார், சுத்தியல் ஒரே சீரா விழுந்துது. புதுசுக்கு உள்ளங்கையில கிரீஸை அப்பிக்கிட்டு அதுல பேரிங்கை அழுத்தி அழுத்தி ஊட்டினார், பிருந்தாவுக்குச் சோறு ஊட்டினப்போ கூட அத்தனை பொறுமை இருந்ததில்லை. பிரேக் ஷூவைத் தொடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவோணும், கிரீஸ் பட்டா பிரேக் வழுக்கும். போய்க் கழுவிட்டு வந்தார். உக்காந்தார். கையைப் பார்த்தார். மறுக்கா எந்திரிச்சுப் போய்க் கழுவிட்டு வந்தார். மூணாவது தரமும் போனார். நான் வெங்காயத்தை உரிச்சுக்கிட்டு இருந்தேன், கண்ணுல தண்ணி வந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. இதெல்லாம் யாருக்குப் போய்ச் சொல்றது. மூணு தரம் கழுவின கை, அதை விடச் சுத்தமான கை இந்த ஊர்ல இன்னைக்கு இருக்காது, அதையும் நாளைக்கு ரபீக் வந்து பிரிப்பான்.

தொடை நடுங்குது. பெடலை விட்டுரலாமா. ஒரு தரம் விட்டா என்ன, காத்து ஏறினா ரபீக் எடுத்துட்டுப் போறான். சீ, என்ன நினைப்பு இது. இவர் இருக்கும்போதே இவர் பேச்சு இல்லாத மாதிரி. மாட்டேன், இந்தக் கால் ஒடிஞ்சு போனாலும் எடுக்க மாட்டேன். எதிர் வீட்டு மாடியில துணி காயப் போடற பொண்ணு இங்கேயே பார்க்குது, ஓடாத வண்டியில இந்தம்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டு இருக்குதேன்னு நினைக்கும். நினைக்கட்டும். கண்ணாடியைப் பார்க்கறேன். தோளைக் காணோம். மணைக்கட்டை மட்டும் இருக்கு. எங்கே போனார், உள்ளே போயிட்டாரா, வண்டியை இப்படி அந்தரத்துல நிறுத்திட்டு, என்னை இப்படி உக்கார வெச்சுட்டு, தண்ணி குடிக்கப் போய் அப்படியே கட்டில்ல படுத்துட்டாரா, நான் ஒருத்தி இங்கே இருக்கறதே நினைப்பு இல்லையா. கேட் திறந்திருக்கா. போன மாசம் பால் பூத் வரைக்கும் போயிட்டு வழி தெரியாம நின்னுட்டிருந்தவர். கேட்டைச் சாத்தினனா, சாத்தலையா, எனக்கே ஞாபகம் வர மாட்டேங்குது. இறங்கி ஓடோணும், காலை எடுக்காம எப்படி ஓடறது.

"விடலாம் அம்மிணி."

என் பக்கத்து ஜன்னல்ல நிக்கறார். எந்த வழியா சுத்தி வந்தார்னு தெரியலை. கையில ஸ்பேனர், நெத்தியில கிரீஸ் ஒரு கோடு. நிப்பிளை அப்பவே மூடிட்டேன்னார். சரிங்கன்னேன். சரிங்கன்னு சொன்னேனே தவிர கால் வரலை. மூடினேன்னு நினைச்சுக்கிட்டு இருப்பார், திறந்துதான் இருக்கும், இப்ப எடுத்தா போச்சு. அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் குனிஞ்சு என் காலைப் பார்த்தார். பெடல் தரையோட தரையா இருக்கு. கால் மரத்துப் போச்சுங்கன்னேன். நம்பலைன்னா போய்ப் பார்த்துட்டு வான்னு கூட அவர் சொல்லலை. மூடிட்டேன்னு அவர் சொன்னதை நான் நம்பலைன்னு காட்டிட்டேனேன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. காலை எடுத்தேன். பெடல் மேல வந்துது. கையை வெச்சு லேசா அமுக்கிப் பார்த்தேன், கெட்டியா நின்னுது. மூடித்தான் இருந்திருக்கு.

"ரபீக் நல்ல வேலைக்காரன்"னார்.

எந்த ரபீக்குன்னு கேக்கலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள அவரே சொன்னார். சக்கரத்து நடுவுல இருக்கிற பெரிய நட்டு கழண்டு வராம இருக்க அதுக்குள்ள ஒரு கம்பிப் பின் கோத்து மடிக்கறது உண்டு. இவர் அந்தப் பின்னோட ஒத்தைக் காலை மேல மடிச்சு இன்னொரு காலை வெட்டிருவார், கம்பெனியில சேர்ந்த காலத்துப் பழக்கம். காலையில கழட்டினப்போ ரெண்டு காலையும் சுத்தி மடிச்சிருந்துதாம், அது என் மடிப்பு இல்லை அம்மிணி, ரபீக் மடிப்புன்னார். ஜாக்கியைப் பார்த்தேன், துணியைப் பார்த்தேன், பின்னை நான் பார்க்கலை, பின்னுன்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது. எப்பத்துல இருந்துங்க தெரியும்னு கேட்டேன்.

"தெரியலை. ஒவ்வொரு தரம் கழட்டும்போதும் புதுசாத்தான் தெரியுது. இதுக்கு முன்னாடி எத்தனை தரம் தெரிஞ்சுதோ, அது ஞாபகமில்லை. இன்னைக்கு மறக்கறதுக்குள்ள சொல்லிரோணும்னு அங்கேயே உக்காந்து சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அதுல உன்னை விடச் சொல்லலை."

அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன், ஸ்பேனரோட சேர்த்து. என்னை மன்னிச்சுருங்கன்னேன். பேசாத, நீ செஞ்சது சரின்னார், நானா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன், அளவு தப்பினா திருப்பி அனுப்பித்தான் ஆகோணும்னார். அவர் அழலை. நான்தான் ஊரே பார்க்க ஸ்டியரிங்ல தலையை வெச்சுக்கிட்டு அழுதேன், அழ அழ அவர் என் தலையில கை வைக்கப் பார்த்துட்டு கிரீஸ்னு எடுத்துக்கிட்டார். அப்புறம் ஸ்பேனரை என் மடியில வெச்சார். இன்னும் மூணு சக்கரம் இருக்கு, அவனை இப்பவே வரச் சொல்லு, திங்கக்கிழமை திருட்டுத்தனமா வர வேண்டாம், இனி எப்பவும் நேராவே வரட்டும்னார். நீங்கன்னேன். நீ எந்திரிச்சு அக்கட்ட உக்காரு, நான் பெடல் அமுக்கறேன்னார்.

ரபீக்குக்கு போன் பண்ணேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தான், இருபது நிமிஷத்துல வந்தர்றேம்மான்னான். கால் தரையில ஊன முடியலை, கதவைப் பிடிச்சுக்கிட்டே சுத்தி வந்து பக்கத்து சீட்ல உக்காந்தேன். அவர் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வந்து டிரைவர் சீட்ல உக்காந்தார், சாவியை என் கையில கொடுத்ததுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் அங்கே உக்காரறார். சீட்டைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிக்கிட்டார். காலைப் பெடல் மேல வெச்சார், அமுக்கினார், அமுக்கின கால் அப்படியே இருந்துது. ரபீக் இன்னும் வரலீங்க, வந்து சொல்லுவான், இப்ப காலை எடுங்கன்னேன். அவர் முன்னாடி பார்த்துக்கிட்டே தலையை ஆட்டினார்.

"எடுத்தா எதுக்கு உக்காந்திருக்கேன்னு மறந்துரும்."

ரபீக் வர்றதுக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு. அவர் காலை எடுக்கலை.